ஒதியம்பட்டில் 41 ஹெர்ட்ஸ்

பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பி. தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் நொடிக்கு 41 தடவை அதிரும். மெல்லிய கம்பி 98 தடவை. எண்பதுகளில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒதியம்பட்டு, வில்லியனூர் வட்டாரத்தில் எந்தத் திருவிழாவுக்கு மேடை போட்டாலும் மைக் செட்காரர் கொண்டுவந்து இறக்குவது ஓர் அஹூஜா ஆம்ப்ளிஃபயரும் நாலைந்து அலுமினியக் குழாய்களும்தான். பனைமரத்தில் ஒன்று, கோயில் மதிலில் ஒன்று, சாராயக்கடைப் பக்கம் பார்த்து ஒன்று. அந்தக் குழாய் மனிதர்கள் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. "காணாமல் போன குழந்தை மேடைக்கு அருகில் இருக்கிறது" என்று மூன்று ஊருக்குக் கேட்கச் சொல்லும். ஆனால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வாயே கிடையாது. நான் வாசித்ததில் பெரும்பகுதி அதற்குக் கீழேதான்.

ஆக, திருக்காஞ்சி மாசி மகமானாலும் சரி, ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் வில்லியனூர் தேரானாலும் சரி, மேடையில் எனக்கு வேலை விரலை அசைப்பது. லீட் கிட்டார்காரரிடம் தொழில் பழகும் பையன் என்றே பலரும் என்னை நினைத்திருந்தார்கள். கச்சேரி முடிந்து இறங்கியபோது ஒரு பாட்டி கூப்பிட்டு விசாரித்தார்: "ஏம்பா, சும்மா நிக்கறதுக்கும் உனக்குக் காசு குடுக்கறாங்களா?"

சுத்தமாகக் கேட்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு கம்பி 41இல் அதிர்ந்தால் கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் மெலிதாக அதிரும். அவற்றில் 300க்கு மேலே உள்ளவை மட்டும் குழாய்க்குள் நுழைந்து வெளியே போகும். மனித மூளை இந்த விஷயத்தில் தாராளம். மேல் மடங்குகள் காதில் விழுந்தால் அடியில் இருந்திருக்க வேண்டிய சுரத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் நான் வாசித்த பேஸ் மேடையிலும் இல்லை, குழாயிலும் இல்லை. ஊராரின் மண்டைக்குள்தான் ஒலித்தது. அவர்களுக்கே அது தெரியாது.

இவ்வளவு மரியாதையில்லாத வாத்தியத்தை ஏன் கட்டிக்கொண்டு அழுதேன் என்றால், அதற்கு இளையராஜாதான் பதில் சொல்ல வேண்டும். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்கள் எல்லாம் அவர் பாட்டுகளுக்கு மாறின. எங்கள் ஊர்ப்பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சனோடு திரும்பிய சொல்தாக்கள் உண்டு. அப்படி ஒருவர் வீட்டில், பிரான்சிலிருந்து வந்த ஸ்டீரியோ செட், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கும். 1979இல் வந்த ‘பகலில் ஒரு இரவு’ படத்தில் எஸ்.பி.பி. பாடும் பாட்டை அதில்தான் முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். டீக்கடை ரேடியோவில் அத்தனை நாள் கேட்டது பாதிப் பாட்டுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. எஸ்.பி.பி. மேலே ஒரு பாட்டுப் பாடுகிறார், அடியில் பேஸ் வேறொரு பாட்டுப் பாடுகிறது. இரண்டும் சண்டை போடவில்லை. ராஜாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: அந்த அடிப்பாட்டு பனைமரத்துக் குழாயில் சிக்காமல் ஊர் நெஞ்சில் நேராகப் போய் இடிக்க வேண்டும்.

அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். கடையில் வாங்க வசதியில்லை. வில்லியனூரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்து இந்தியாவில் ஆம்ப்ளிஃபயர் கட்டிய கைகள் எல்லாம் தொட்டுப் பார்த்த டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு, 2என்3055. உருண்டைத் தலையோடு ஒரு தகர டப்பி. சென்னை ரிச்சி தெருவில் அள்ளிக்கொண்டு வரலாம். அதில் நாலைந்தைப் பெரிய அலுமினியத் தகட்டில் முடுக்கி, குழவிக்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து, அண்ணன் ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். கோயில் வாகனம் செய்யும் ஆசாரி பதினைந்து அங்குல ஸ்பீக்கருக்குப் பிளைவுட்டில் பெட்டி அடித்தார். வாகன வேலை செய்த கை சும்மா இருக்குமா, நாலு மூலையிலும் தாமரை மொட்டு வேறு வைத்துவிட்டார். தூக்க நாலு ஆள், கொண்டுபோக டெம்போ. டெம்போ வாடகை என் சம்பளத்தில் பிடித்தம். ரோடியர் மில்லில் வேலை பார்த்த எங்கள் டிரம்மர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒதி பெருத்தா உத்தரமாகுமாடா?" என்றார். ஒதியம்பட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

பெட்டி பேசியது. பேசியதைவிட அதிகம் முனகியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை டி.சி.யாக மாற்றும்போது சரியாக வடிகட்டாவிட்டால் மிஞ்சும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். என் மெல்லிய கம்பி, ஜி, 98. அதாவது நான் கை வைப்பதற்கு முன்பே கரண்ட் தன்பாட்டுக்கு ஜி வாசித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் சுருதி ஏற்றி. அதை நிறுத்த முடியாது என்று தெரிந்த பிறகு எங்கள் லீட் கிட்டார்காரர் தம் கிட்டாரையே அதற்குச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். புதுச்சேரி மின்துறைக்குச் சுருதி சேர்த்துப் பாடிய குழு எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

இன்னொரு தொல்லை எர்த். பந்தலுக்கு வரும் லைனில் எர்த் என்பது பேச்சளவில்தான். கை கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் ஒரு வெட்டு வெட்டும், பாட்டின் நடுவில் பாடாத ஒரு ஸ்வரம் வாயில் வந்துவிடும். அதற்கு நாங்கள் கண்ட வைத்தியம் ரப்பர் செருப்பு. பட்டு வேட்டி, சரிகைச் சட்டை, காலில் ஹவாய் செருப்பு என்று அந்தக் கால மெல்லிசைக் குழுப் புகைப்படம் எதையாவது பார்த்தால் சிரிக்காதீர்கள். உயிர் பிழைத்திருந்தவர்களின் படம் அது.

இரவு பத்து மணிக்குமேல் சீரியல் செட் முழுவதும் எரியத் தொடங்கியதும் வோல்டேஜ் படுத்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைக்கும் மின்சாரம் குறையக் குறைய, கம்பியின் அலை ஏறி இறங்க இடமில்லாமல் தலையும் காலும் வெட்டுப்படும். வட்டமாக வர வேண்டிய நாதம் கரகரவென்று வரும். "கிழியுது" என்பது தொழில் வழக்கு. நேயர் விருப்பச் சீட்டுகளுக்கு நடுவே திருவிழாக் கமிட்டியிலிருந்தும் சீட்டு வரும். பத்து ரூபாய் குத்தாத சீட்டு: "கரகரவென்று வாசிப்பவர் நிறுத்தவும்." பாடகர் திரும்பி முறைப்பார். மெக்கானிக் அண்ணன் மேடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "கிழியாம வாசிடா" என்பார். அந்தக் கிழிசலைப் போக்க அண்ணனும் நானும் பண்ணாத வித்தை இல்லை. கெப்பாசிட்டரை மாற்றினோம், தேங்காய் நார் அடைத்தோம், ஸ்பீக்கர் கோனுக்கு ஒட்டுப் போட்டோம். போகவில்லை.

அதே கிழிசலை உலகத்தில் வேறு இடங்களில் எப்படி வரவேற்றார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. 1969இல் அமெரிக்காவில் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்று ஓர் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தது. 14 வால்வுகள், 300 வாட்ஸ். ஸ்பீக்கர் இல்லாமல் தலை மட்டும் சுமார் 40 கிலோ. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த வருஷமே அதை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனது. பெரிய மைதானத்தில் பேஸ் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த எந்திரம். முழுசாகத் திருகியபோது அந்த வால்வுகள் போட்ட உறுமலில் ஜனங்கள் மயங்கிவிட்டார்கள். டெட்ராய்ட்டில் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் பல பதிவுகளில் ஆம்ப்ளிஃபயரே இல்லாமல் நேராகப் பதிவு மேஜையில் ஒயரைச் செருகி வாசித்தார். மேஜைக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் அங்கேயும் லேசான உராய்வு. உலகமே அதைக் கேட்டு ஆடியது. அங்கே யாரும் சீட்டு அனுப்பவில்லை.

பிறகு அந்த உறுமலைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாக விற்க ஆரம்பித்தார்கள். நியூயார்க்கில் ஆண்ட்ரூ பார்ட்டா என்பவர் டெக் 21 கம்பெனி மூலம் 1989இல் சான்ஸ்ஆம்ப் என்ற சிறு பெட்டியைக் கொண்டுவந்தார். வால்வு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அதன்முன் வைத்த மைக், இந்த மூன்றும் சேர்ந்து தரும் ஒலியை உள்ளங்கை அளவுச் சர்க்யூட் ஒன்று பாசாங்கு செய்யும். 1992இல் பேஸுக்கென்றே ஒரு பதிப்பு. வெளியே போகும் ஒயரை நேராக மிக்சரில் செருகலாம். நீள ஒயர் போட்டாலும் இரைச்சல் அவ்வளவாக ஏறாது. எர்த் சண்டையைத் துண்டிக்க அந்த மாதிரிப் பெட்டிகளில் ஒரு தனி சுவிட்ச் உண்டு என்று படித்தபோது என் ரப்பர் செருப்பு ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. 2009இல் ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில் டக்ளஸ் காஸ்ட்ரோ என்ற சிலி நாட்டுக்காரர் டார்க்கிளாஸ் கம்பெனியைத் தொடங்கினார். பேஸைக் கிழிப்பதையே ஒரு நுண்கலையாக ஆக்கிவிட்டது அது.

காலால் மிதித்து இயக்கும் அப்படி ஒரு கிழிப்புப் பெடலைத்தான் என் அக்கா மகன் வைத்திருக்கிறான். சொல்தா வீட்டுப் பேரன் ஒருவன் பாரிஸிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. மருமகன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறான், வார இறுதியில் ஒரு பேண்டில் வாசிக்கிறான். பிரான்சில் 1982இல் தொடங்கிய ஃபெத் த லா முசிக் என்ற இசை விழா ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களிலும் நடக்கிறதே, அதிலும் வாசித்திருக்கிறான். பெடலின் விலையைக் கேட்டேன். சொன்னான். அந்தப் பணத்தில் அந்தக் காலத்தில் நான் பெட்டி, கிட்டார், டெம்போ எல்லாம் வாங்கி டிரைவருக்கும் கல்யாணம் செய்துவைத்திருப்பேன்.

"மாமா, இதக் கேளு," என்று டிரைவ் என்ற திருகைத் திருகி ஒரு சுரம் வாசித்தான்.

"கிழியுதுடா."

"ஆமா மாமா. எப்படிக் கிழியுது பாரு!"

எனக்கு அந்தக் குரல் தெரியும். வோல்டேஜ் படுத்த ராத்திரியில் 3055 போட்ட அதே ஓலம். கமிட்டிச் சீட்டு வாங்கிய ஓலம். இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் மனசு வரவில்லை. பிளெண்ட் என்று ஒரு திருகு இருக்கிறது. கிழிந்த ஒலியையும் கிழியாத ஒலியையும் வேண்டிய அளவில் கலக்கலாம். என் பெட்டியில் வோல்டேஜ் விழுந்தால் அடி நாதம் உட்பட எல்லாம் கந்தல். இங்கே அடி நாதம் அப்படியே நிற்க, அதன் மேல்பக்கம் மட்டும் பிசிறு பிசிறாகக் கிழிகிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள். அண்ணனுக்கு இந்த யோசனை தோன்றியிருந்தால் ஒதியம்பட்டுக்கும் ஹெல்சிங்கிக்கும் இன்றைக்குப் போட்டி.

"இந்தக் கரகரப்பு எதுக்குடா?" என்று கேட்டேன். அவன் போனை எடுத்துத் தான் வீட்டில் பதிவு செய்த பாட்டைப் போட்டான். கிழிக்காமல் வாசித்தது முதலில்: பேஸ் இருக்கும் இடமே தெரியவில்லை. பிறகு கிழித்தது: ஒவ்வொரு சுரமும் தெளிவாக நின்றது. போனுக்குள் இருப்பது நகக்கண் அளவு ஸ்பீக்கர். அதற்கும் அடி ஸ்தாயிக்கு வாய் கிடையாது. கிழிக்கும்போது மேல் மடங்குகள் பெருகுகின்றன, அவை போனில் கேட்கின்றன, மிச்சத்தை மூளை போட்டுக்கொள்கிறது. பனைமரத்துக் குழாய் எங்கும் போகவில்லை. இறங்கி எல்லார் சட்டைப்பைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கிழிசல். நாங்கள் இலவசமாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சீட்டு எழுதினார்களே, அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு அதை ஹெட்போனில் கேட்டுத் தலையாட்டுகிறார்கள்.

ஆம்ப்ளிஃபயரின் கதையும் இதே தினுசு. டிரேஸ் எலியட் கம்பெனியின் எல்ஃப் என்ற ஒன்றை மருமகனின் நண்பன் கொண்டுவந்து காட்டினான். 200 வாட்ஸ், எடை முக்கால் கிலோகூட இல்லை. கிளாஸ் டி என்கிறார்கள். 3055 எப்போதும் பாதி திறந்த மதகுபோலச் சூடாகிக்கொண்டே வேலை செய்யும். இதில் டிரான்சிஸ்டர் ஒன்று முழுசாகத் திறக்கும், இல்லாவிட்டால் முழுசாக மூடும், அதுவும் நொடிக்குப் பல லட்சம் தடவை. வீணாகும் சூடு கொஞ்சம்தான், அலுமினியத் தகடு வேண்டாம், பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். என் இடுப்பு எக்ஸ்ரேயை அந்தக் கண்டுபிடிப்பாளர்களுக்கு அனுப்பி, கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். ஆனால் விளம்பரப் படத்தில் தலையை மட்டும்தான் காட்டுகிறார்கள். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அதைக் கிளப்ப எங்கேயாவது ஒரு பெரிய காகிதக் கோன் காற்றைத் தள்ளியாக வேண்டும். காந்தம் இளைக்கலாம், பெட்டி இளைக்கலாம், காற்று இளைக்காது.

அந்தத் தள்ளுகிற வேலையை இப்போது மேடைக்குக் கீழே வரிசையாக அடுக்கிய பதினெட்டு அங்குல ஸ்பீக்கர்கள் செய்கின்றன. எங்கள் தெருவில் ஜன்னல் கண்ணாடி கலகலக்கிறது, ஓட்டிலிருந்து மண் உதிர்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு பத்துமுதல் காலை ஆறுவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை அரசு தளர்த்தலாம். விடிய விடிய வாசித்த எங்களுக்கு அது புதுசு. வேடிக்கை அதில் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று விதி வைத்திருக்கும் அளவு ‘ஏ’ என்ற கணக்கில். மனிதக் காது கேட்கிற மாதிரியே மீட்டரும் கேட்க வேண்டும் என்று, 40 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் சத்தத்தில் சுமார் 35 டெசிபலை அந்தக் கணக்கு கழித்துவிடும். நெஞ்சுக்கூடு அதிர்கிறது, மீட்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேஸுக்கு அரசாங்கமும் அந்தப் பாட்டி மாதிரிதான்.

இத்தனை அடி நாதமும் பெரும்பாலும் லேப்டாப்பிலிருந்து வருகிறது. இப்போதைய குழுக்களில் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், நாலு பாடகர்கள்; மிச்சமெல்லாம் டிராக். பேஸ் ஊர் முழுக்கக் கேட்கிறது, வாசிக்க ஆள் கூப்பிடுவதில்லை. மருமகனுக்கு எப்போதாவது ஒரு திருவிழா வாய்க்கும். அப்படி ஒன்றில்தான் போன வருஷம் சம்பளப் பிரச்சினை வந்தது. இவன் முதுகில் கிட்டாரும் கையில் ஒரு துணிப்பையுமாக பைக்கில் போய் இறங்கியிருக்கிறான். கமிட்டிப் பெரியவர் பைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார். "சாமான்லாம் டெம்போல வருதாபா?" "இவ்ளோதான் சார்." பெரியவர் முகம் சுருங்கி, பேசிய தொகையில் கால்வாசியைக் குறைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் காலத்திலிருந்தே டெம்போவிலிருந்து இறங்கும் கனத்தைப் பார்த்துத்தான் ஊர் எங்களை மதித்தது.

அடுத்த கச்சேரிக்கு முன்னால் மருமகன் வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போனான். என் பெட்டி அங்கேதான் கிடந்தது. ஸ்பீக்கரை எப்போதோ விற்றாயிற்று. 2024 ஃபெஞ்சல் புயலில் கொல்லைக்குள் தண்ணீர் வந்து அடிப் பலகை உப்பியிருந்தது. உள்ளே கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. மேல்நாட்டு ராக் குழுக்களிலும் காலிப் பெட்டிகளை மேடையில் அடுக்குவது வழக்கம்தான் என்று அவன் எனக்குச் சமாதானம் சொன்னான். நான் வாடகை கேட்டேன். ஐந்நூறு. கோழியை இடம் மாற்றும் கூலி தனி. அக்காவிடம் போய்ப் புகார் செய்துவிட்டு வந்து கொடுத்தான்.

கறுப்பு பெயிண்ட் அடித்து, முன்பக்கம் வலைத்துணி ஒட்டி, தாமரை மொட்டுகளுக்குத் தங்க நிறம் பூசி டெம்போவில் ஏற்றினான். ராத்திரி மேடையிலிருந்தே போன் செய்தான். சவுண்ட்காரப் பையன் அழகுக்காகப் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக்கையும் நிறுத்திவிட்டானாம், ஒயர் எதிலும் செருகாமல். பேசிய தொகை முழுசாகக் கைக்கு வந்துவிட்டதாம். இரண்டாவது பாட்டுக்குள்ளேயே கமிட்டிப் பெரியவர் மேடையேறி, பெட்டியின் பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டு, இதைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம்.